உதிரி நான்கு

ஒரு வீட்டின் கார் கொட்டகையில் ஒரு ரம்ப மேசை இருந்தது. அந்த வீட்டில் கார் இல்லை. மேசையின் அருகே ஒரு பெட்டி. பெட்டிக்குள், பலகை செருகுவதற்கான நீளப் பள்ளத்தை, அதாவது காடியை, மரத்தில் வெட்டும் பிளேடுகள். வெளிப் பிளேடுகள் இரண்டு, விளிம்பெல்லாம் பல்லாக வட்டமாக இருந்தன. அவற்றின் நடுவே சேர்த்துப் பூட்ட நான்கு உள்வெட்டிகள். அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டே பல்.

உள்வெட்டிகளில் மூன்றாவது எதையும் மறக்காது. தங்களுக்கு நேர்ந்த அநியாயங்களை அது வரிசை மாறாமல் சொல்லும்.

முதல் அநியாயம் பெட்டியின் மூடியிலேயே நடந்தது. அங்கே ஒட்டிய சீட்டில், ‘இடது பிளேடு 1, வலது பிளேடு 1, உதிரி 4’ என்று அச்சடித்திருந்தார்கள்.

இரண்டாவது, வெளிப் பிளேடுகளுக்கு எண்ணெய் பூசித் துணியில் சுற்றினார்கள். உதிரிகளை வெறுமனே அடுக்கினார்கள்.

மூன்றாவது, முதல் காடியைப் பார்த்தவர்கள் அதன் ஓரத்தைத் தடவி, “பிளேடு என்னமா வெட்டியிருக்கு!” என்றார்கள். இரண்டு ஓரங்களுக்கும் நடுவே இருந்த மரத்தை எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்காவது, ஒருநாள் காடி கோணிக்கொண்டது. அன்றைக்கு மட்டும், “நடுவுல இருக்கறதுங்க சரியில்ல” என்றார்கள்.

ஐந்தாவதற்கான நாளும் வந்தது. தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற மாசிலாமணி, தெரு வாசகசாலைக்குப் புத்தக அலமாரி செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். பலகையின் கனம் பதினெட்டு மில்லிமீட்டர். காடியும் அதே அகலம் வேண்டும். அவர் மேசையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறு பிளேடுகளையும் அச்சில் வரிசையாகக் கோத்தார். கடைசியில் நட்டைத் திருகினார்.

வீட்டு மேசை, அச்சு குட்டை. நட்டுக்கு இரண்டு மரைதான் கிடைத்தது.

“அண்ணே, விரல் நுனியிலதான் பிடிச்சுட்டு நிக்கறேன்,” என்றது நட்டு.

“பிடி, பிடி. உன் வேலையே அதுதானே,” என்றது இடது பிளேடு.

மூன்றாவது உள்வெட்டி கேட்டது: “அதுக்குப் பிடி விட்டா என்ன ஆகும்?”

“ரெண்டு பல்லை வெச்சுக்கிட்டு உனக்கு இவ்வளவு வாயா?”

“ரெண்டு பல்லுதான். ஆனா அதுல பேச்சு தெளிவா வருது. நட்டு கழண்டா நாம ஆறு பேரும் பறப்போம். எதிர்ல நிக்கறது மாசிலாமணி. நட்டுக்கு முழு மரை கிடைக்கற வரைக்கும் நாங்க சுத்த மாட்டோம்.”

“யாரு நாங்க?” என்று சிரித்தது வலது பிளேடு.

மூன்றாவது தன் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தது. “நாங்க,” என்றது முதல் உள்வெட்டி. “நாங்கதான்,” என்றன இரண்டாவதும் நான்காவதும்.

மாசிலாமணி கையால் அச்சைச் சுழற்றிப் பார்த்தார். நான்கும் சேர்ந்து சுற்ற மறுத்தன. கடகடவென்று கொட்டகையே அதிர்ந்தது.

உள்ளேயிருந்து அவர் மனைவி பூரணி ஓடி வந்தாள். “ஏங்க, என்ன அது இப்படிப் பல்லை நறநறங்குது?”

அவர் குனிந்து நட்டைப் பார்த்தார். அது இரண்டே மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. “நல்லவேளை, ஸ்விட்ச் போடல.”

“பாத்தீங்களா? இந்த நாலு பேராலதான் நெருக்கடி,” என்று மற்ற கருவிகளிடம் சொன்னது இடது பிளேடு. “இவங்களைக் கழட்டிப் போட்டா நட்டுக்கும் இடம் கிடைக்கும். நாங்க ரெண்டு பேரே நகர்ந்து நகர்ந்து வெட்டிடுவோம்.”

மாசிலாமணிக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்கையும் கழற்றி மரத்தூளின் மேல் போட்டார். அதுதான் ஐந்தாவது அநியாயம்.

வெளிப் பிளேடுகள் ஒரு துண்டு மரத்தில் தனியாக வெட்டின. ஓரம் கண்ணாடி போல் இருந்தது. அவர் காடியில் பலகையைச் செருகினார். அது ஆடியது. மேலே பூரணி அம்மிக் குழவியைக் கொண்டுவந்து வைத்தாள். இன்னும் ஆடியது.

பூரணி பலகையை உருவிவிட்டு, காடிக்குள் விரலை விட்டாள். “அடி முழுக்க வரப்பு வரப்பா இருக்கு. இதுமேல புத்தகத்தை அடுக்கினா படிக்கறவங்க தலையில விழும்.”



மாசிலாமணி குனிந்து உள்வெட்டிகளைப் பொறுக்கினார். இரண்டை மட்டும் கோத்தார். இப்போது நட்டு அச்சைக் கைநிறையப் பிடித்தது; மரை வெளியே எட்டிப் பார்த்தது. ஒரே ஓட்டத்தில் வெட்டுவதை இரண்டு ஓட்டத்தில் வெட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பாதிக் காடிகள் முடிந்ததும், முனை மழுங்காமலிருக்க, மற்ற இரண்டையும் மாற்றிப் போட்டார். நான்கு பேருக்கும் வேலை கிடைத்தது. ஒருவரும் வெளியே நிற்கவில்லை.

பூரணி மறுபடி விரலை விட்டாள். காடியின் அடி சமமாக இருந்தது.

“ஓரம் பார்க்கறதுக்குங்க. பாரம் உட்காரப்போறது இங்க,” என்றாள். பிறகு பெட்டியின் மூடியைத் திறந்து, அந்தச் சீட்டைப் படித்தாள். ‘உதிரி’ என்ற சொல் வந்ததும் நின்றாள். பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, மேலே வேறு ஏதோ எழுதினாள்.

“என்ன எழுதினா?” என்று நட்டு ரகசியமாகக் கேட்டது.

“தெரியல,” என்றது மூன்றாவது. “எனக்கு மட்டும்னா வேண்டாம். நாலு பேருக்கும்னா சரி.”

வாசகசாலை திறந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்திருந்தது. அலமாரி நிறையக் கனத்த புத்தகங்கள். ஒரு தட்டும் அசையவில்லை. திறப்பு விழாவில் உழைத்தவர்களின் பெயரை வாசிப்பது அங்கே வழக்கம். பூரணி அந்தப் பெட்டியையும் மேசைமேல் கொண்டுவந்து திறந்து வைத்திருந்தாள். ஆறு பிளேடுகளும் எண்ணெய் பூசிப் பளபளத்தன.

“அலமாரி செய்தவர், மாசிலாமணி,” என்று வாசித்தாள். கைதட்டினார்கள்.

“காடியின் ஓரம் வெட்டியவர்கள், இடது, வலது.” சிரித்துக்கொண்டே தட்டினார்கள்.

“காடியின் அடித்தளம் வெட்டியவர்கள், நான்கு பேர்.” அவள் நிறுத்தினாள். சிரிப்பு அடங்கியது. மூன்றாவது உள்வெட்டி, இரண்டு பல்லையும் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

பூரணி மூடியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். ‘உதிரி’யை அடித்த இடத்தில் எழுதியிருந்த, படைத்தலைவருக்கான பழைய பட்டத்தைப் பின்வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

“தளவாய்.”