வேலியோரத் தும்பை

"கோவமா? எனக்கா? நான் நியாயம் கேக்க வந்திருக்கேம்மா."

சொல்லிட்டு, வேதாசலம் வெம்பி உதிர்ந்த ஒரு பரங்கிப் பிஞ்சை மடத்து அம்மாவுக்கு முன்னாடி வெச்சாரு.

அம்மாவுக்கு அவரு மகளவிட வயசு கம்மி. அது வேற அவருக்கு உள்ளுக்குள்ள உறுத்தல். ஆனாலும் சீடன்னு வந்தாச்சு.

"கொடி இருக்கு. பூ இருக்கு. காய் மட்டும் இல்ல. குருபூசைக்கு நாப்பத்தஞ்சு நாள்தான் கெடக்கு."

மடத்துல ஒரு வழக்கம். குருபூசை கூட்டுக்குப் பரங்கிக்காய் சொந்தத் தோட்டத்துல காய்க்கணும். வெளிய வாங்குனா இலையில வெக்க மாட்டாங்க. ஒரு வருஷமும் தவறினதில்ல. இந்த வருஷம் தோட்டம் வேதாசலம் பொறுப்பு.

"சமையக்கார பொன்னுரங்கம் என்ன சொல்றான் தெரியுமா? நான் தும்பையப் புடுங்கினதாலதான் காய்க்கலயாம். களைக்கு வக்காலத்து! முப்பது வருஷம் மில்லுல சூப்பர்வைசரா இருந்தவன் நான். வேலியோரத்துல கூட ஒண்ணு விடல."

"பாத்தேன். சுத்தமா இருக்கு."

"ஒரே வார்த்தை சொல்லுங்க. தும்பை தோட்டத்துக்கு நல்லதா, கெட்டதா?"

"காலைல ஆறு மணிக்கு வாங்க."

மறுநாள் அம்மா ஒரு ஆம்பளப் பூவைப் பறிச்சாங்க. இதழைக் கிழிச்சுப் போட்டுட்டு, நடுவுல இருந்த மஞ்சத்தூளை, பிஞ்சோட நின்ன பொம்பளப் பூவுக்குள்ள தடவுனாங்க.

"தினம் இப்படிச் செய்யுங்க. வெயில் ஏறுனா பூ மூடிரும்."

"எத்தனை பூவுக்கு?"

"பூத்ததுக்கெல்லாம்."

எட்டு நாள் குனிஞ்சாரு. பிஞ்சு நின்னுச்சு. அவரு இடுப்பு நிக்கல.

ஒம்பதாம் நாள், கையெல்லாம் மஞ்சளா அம்மாகிட்ட வந்து நின்னாரு.

"நூத்தியிருபது பேரை வேலை வாங்குனவன்மா நான். பூப்பூவா தடவ வெச்சுட்டீங்களே! இது யாரு பாக்க வேண்டிய வேலை?"

"தேனீ."

"அதுங்க எங்க போய்த் தொலைஞ்சுது?"

"கடைசியா எங்க பாத்தீங்கய்யா?"

வேதாசலம் வாயைத் தொறந்தாரு. தும்பை புடுங்குன அன்னிக்கு, அந்தப் பூவுல மொய்ச்ச தேனீயைத் துண்டை வீசி வீசி வெரட்டுனது ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டாரு.

ரொம்ப நேரம் மூடி வெச்சிருக்க முடியல.

"அப்ப நல்லதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? என் இடுப்பாவது தப்பிச்சிருக்கும்!"

"கீரைப் பாத்தியில மொளைச்சா புடுங்கிருங்க."

"இதென்ன ரெண்டுங்கெட்டான் பேச்சு! நல்லதா, கெட்டதா? நான் ஊருக்குப் பதில் சொல்லணுமா வேணாமா?"

அம்மா பதில் சொல்றதுக்குள்ள தோட்டத்துலேருந்து பொன்னுரங்கம் குரல் குடுத்தான்.

"வேதாசலம்ணே! களை வெட்டுற ஆளு மம்பட்டியோட வந்திருக்கான். வேலியோரம் தும்பை திரும்ப மொளைச்சிருக்காம். செதுக்கட்டுமாங்கிறான்!"

"எந்த மடையன்டா அவனை வரச் சொன்னது?"

"நீங்கதாண்ணே. மாசாமாசம்."

வேட்டிய மடிச்சுக் கட்டக்கூட நிக்காம வேதாசலம் ஓடுனாரு.