டேங்க் கேட்ட வரம்

பல்லடம் பக்கம் ஒரு பழைய லாரி இருந்தது. கறிக்கோழி ஏற்றிக்கொண்டு பாலக்காடு போவதும் வெறுங்கூண்டோடு திரும்புவதுமாக அதன் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் என்ஜினுக்குத்தான் வாய் அதிகம். டீசல் டேங்க் அதிர்ந்துகூடப் பேசாது. இடுப்போரம் தொங்கிக்கொண்டு, கேட்டபோதெல்லாம் கொடுத்துவிட்டுக் கிடக்கும்.

ஒருநாள் உச்சி வெயிலில், எட்டிமடை தாண்டியதும் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

டிரைவர் நல்லுசாமி இறங்கிப் பின்னால் ஓடினார். கூண்டுகளில் ஆயிரத்து இருநூறு கோழிகள் அலகைப் பிளந்துகொண்டு இரைத்தன. வண்டி ஓடினால்தான் அவற்றுக்குக் காற்று. இந்த வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் பாதிகூட மிஞ்சாது.

“நிக்கறதுக்கு எடம் பார்த்தியே, மகராசா” என்று சலித்துக்கொண்டே வந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் அசையவில்லை.

“இன்னும் நாலு தடவைக்குத்தான் எனக்குத் தெம்பு இருக்கு, சொல்லிட்டேன்” என்றது பேட்டரி.

“என்னை எதுக்கு முறைக்கிறீங்க? எரிக்க எதுவும் வந்தாத்தானே? நடுவுல அந்த ஃபில்டர்தான் முழுங்கறான்” என்றது என்ஜின்.

“நானா? எனக்கே ஒரு சொட்டு வரலை. பம்பைக் கேளு.”

“இழுத்து இழுத்து என் தோளே கழண்டுபோச்சு” என்றது பம்ப். “டேங்க் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடமாட்டேங்குது.”

எல்லாம் டேங்க்கின் பக்கம் திரும்பின.

“வயித்துல பாதிக்கு மேல டீசல். இத்தனை வெச்சுக்கிட்டு என்ன கஞ்சத்தனம்? கொடு” என்றது என்ஜின்.

“கொடுக்க மாட்டேன்னா சொல்றேன்? எனக்கு மூச்சு முட்டு…”

“எங்களுக்கு மட்டும் முட்டலையா? எல்லாரும் உழைச்சுத்தான் சாகறோம். கொடு!”

இது எத்தனையாவது ‘கொடு’ என்று டேங்க்குக்கு நினைவில்லை. அதற்கு அழுகையாக வந்தது. அழக்கூட உள்ளே காற்று இல்லை.

நல்லுசாமி ஃபில்டரை மாற்றினார். கை வலிக்கக் கைப்பம்பை அடித்து டீசலை ஏற்றினார். மூன்றாவது முறை சாவி திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

“பார்த்தீங்களா? நான் அப்பவே ஃபில்டர்னு சொன்னேன்” என்று அது பீற்றிக்கொண்டது. பீற்றல் வாளையாறு வரைக்கும்தான். அதைத் தாண்டியதும் மறுபடி நின்றது.

கூட வந்த லோடுமேன் மாகாளி கூண்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார். “மேல்கூண்டுல நாலு தலையைத் தொங்கப் போட்டுருச்சுங்ணா.”

எதைப் பிரிப்பது, எதை மாட்டுவது என்று நல்லுசாமிக்குத் தெரியவில்லை. பேட்டரி முனகியது: “இன்னும் ஒரே ஒரு தடவை. அதோட நான் முடிஞ்சேன்.”

“நேத்து ஆயுத பூஜைக்கு வண்டி செட்டுல நின்னுச்சே, எவனாச்சும் டீசலை உருவிட்டானோ?” என்றார் மாகாளி.

குச்சி விட்டு அளந்து பார்க்கலாம் என்று நல்லுசாமி டேங்க்கின் மூடியைத் திருகினார். அது லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துத் திருகியதும் ‘புஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. ஒடுங்கிக் கிடந்த டேங்க் டொம்மென்று உப்பியது.

“என்னங்ணா, காத்தை இந்த இழுப்பு இழுக்குது!”

நல்லுசாமி மூடியைத் திருப்பிப் பார்த்தார். டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போக அதில் ஒரு சின்னத் துளை உண்டு. அதன்மேல் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம்.

“மாகாளி, நான்தான் இதை அப்புனேன். வண்டிக்கே சோறு போடற எடமாச்சேன்னு, மத்ததுக்கு ஒரு விரல் வெச்சவன் இதுக்கு ரெண்டு விரலா அப்புனேன்.”

ஊசியால் துளையைக் குத்தி, வேட்டி நுனியால் துடைத்து மாட்டினார். கடைசி முறையாகச் சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமி எழுந்தது. வண்டி ஓட ஓடக் கூண்டுகளுக்குள் காற்று புகுந்தது. தொங்கிய தலைகளில் மூன்று நிமிர்ந்தன.

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்று கேட்டது என்ஜின்.

மூச்சு விடவே டேங்க்குக்கு நேரம் சரியாக இருந்தது.

பாலக்காட்டில் லோடு இறக்கிய பிறகும் நல்லுசாமிக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தார்.

“பூஜைப் பொட்டை அழிச்சுட்டேன், கோவிச்சுக்காதே தாயி. இந்தக் குடும்பமே உன்னாலதான் ஓடுது” என்று கண்ணை மூடிக் கும்பிட்டு, மூடியை நோக்கி இரண்டு விரல்களை நீட்டினார்.

டேங்க் நடுங்கிப்போனது.

“சாமி, என்னைக் கும்பிட வேண்டாம். மூச்சு விட விடுங்க, அது போதும்.”