திரைமங்கலத்து மீன்வண்டிகள்

ஐந்து நாடுகள் ஒரே சந்தையாக வாழ்ந்த காலத்தில் நடந்தது இது. அவற்றில் கடலோரத்தில் இருந்த நாடு திரைமங்கலம். அங்கே காலையில் கரையேறும் மீன் மாலைக்குள் நான்கு அண்டை நாடுகளுக்கும் போய்விடும். எல்லையில் சுங்கமில்லை, சோதனையில்லை. வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்துவதுகூட இல்லை.

அந்தக் கூட்டிலிருந்து சித்திரை முதல் நாள் விலகப்போவதாக மன்னன் மகிபாலன் அறிவித்தான். அதற்குப் பதிலாக அண்டை நாடுகளோடு எந்த வணிக ஒப்பந்தமும் ஏற்பட்டிருக்கவில்லை.

மீன் வணிகர்களின் தலைவி முத்துமாலை அன்றே கிளம்பினாள். நெசவுப் பட்டறைகளின் தலைவர் தாண்டவராயனையும் இரும்பு உலைகளின் தலைவர் வேலப்பனையும் பார்த்துப் பேசினாள். மூவரும் சேர்ந்து மன்னனிடம் நிலைமையை எடுத்துச் சொல்வதாக முடிவாயிற்று. ஆனால் சபை வாசலிலேயே அமைச்சர் கனகசபையார் அவர்களை மறித்துக்கொண்டார்.

“உள்ளே அண்டை நாட்டுத் தூதர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் நொடிந்துபோவோம் என்று நம் வாயாலேயே கேட்டுவிட்டால் அவர்கள் பிடியைத் தளர்த்தவே மாட்டார்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் கடைசி நாளில் அவர்களே இறங்கி வருவார்கள்.”

“வராவிட்டால்?” என்று கேட்டாள் முத்துமாலை.

“அப்போதும் நமக்கு மானம் மிஞ்சும், அம்மா” என்றார் அவர், சந்தனம் மணக்க.

சபையில் மன்னன் தொழில்களைப் பற்றி விசாரித்தான். “ஒரு குறையுமில்லை, மகாராஜா” என்று தாண்டவராயன் குழைந்தார். ஒரு மாதமாக அவருடைய தறிகள் வண்டி வண்டியாக எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்ததை முத்துமாலை தன் கண்ணால் பார்த்திருந்தாள். வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய உலைகளுக்கு வேண்டிய கரி முழுவதும் அண்டை நாட்டுக் காட்டிலிருந்து வருவதுதான். ஆனாலும் அமைச்சர் சொன்னதை மனதார நம்பி வாய் திறக்காமல் இருந்தார்.

முத்துமாலை பேசினாள். “மகாராஜா, எங்கள் மீன் ஒரு பகல்தான் தாங்கும். எல்லையில் கூடை கூடையாக இறக்கிச் சோதித்தால் மறுநாள் அதை நாயும் தின்னாது. எழுநூறு குடும்பம் இதில்தான் கஞ்சி குடிக்கிறது. ஒப்பந்தம் இல்லாமல் விலகாதீர்கள்.”

தூதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “துரோகி!” என்று சபை இரைந்தது.

சித்திரை பிறந்தது. தூதர்கள் இறங்கி வரவில்லை. எல்லைவாசலில் வண்டிகள் காத தூரத்துக்கு நின்றன. மூன்றாம் நாள் கூடைகளிலிருந்து கறுத்த நீர் ஒழுகிற்று. மீன்களின் வயிறு வெடித்துப் புழு நெளிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முத்துமாலை வண்டிவண்டியாகப் பார்த்து வந்தபோது கனகசபையாரின் பல்லக்கு வந்து நின்றது. மூக்கிலிருந்து பன்னீர்த் துணியை எடுக்காமலே அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “இது இவள் நாக்கால் வந்த நாற்றம். இவள் பேசாதிருந்தால் அவர்கள் இறங்கி வந்திருப்பார்கள்.”

கூட்டத்தில் ஒருவன் அவள் முகத்தில் துப்பினான். அவளிடம் வேலை பார்த்தவன்தான். சாலையோரம் போய் உட்கார்ந்து அவள் வாந்தியெடுத்தாள். மீன் நாற்றத்தால் அல்ல.

வேலப்பனின் உலைகள் அவிந்தன. வீட்டிலிருந்த நெல்லைத் தன் கொல்லர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அவர்களோடு அவரும் பட்டினி கிடந்தார். தாண்டவராயனின் துணி எல்லைக்கு அப்பால் அமோகமாக விற்றது. அவர் கைவிட்டுப்போன நெசவாளர்கள் வெறும் கையோடு தெருவில் நின்றார்கள்.

தன் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டவர் ஒருவர். அரசுக்கு விசுவாசமாக வாய்மூடித் தானும் துன்பப்பட்டவர் ஒருவர். பேச வேண்டாம் என்று தடுத்தும் பேசியவள் ஒருத்தி. படிப்பவரே, மூவரில் யார் செய்தது சரி?

விடை: முத்துமாலை செய்ததே சரி. எதிராளிக்குத் தெரியாததுதான் ரகசியம். நாள்தோறும் திரைமங்கலத்து மீனை வாங்கியவர்களுக்கும் அந்த நாட்டுக்குக் கரி விற்றவர்களுக்கும் அதன் தேவை தெரியாதா? தெரியாமல் இருந்தது சொந்த சனங்களுக்குத்தான். அவர்களிடமிருந்து மறைக்கவே அமைச்சர் வாயைக் கட்டினார். வேலப்பன் நல்லவர். ஆனால் பட்டினி வரப்போகிறதென்று முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை கொல்லர்களுக்கு இருந்தது. அவருடைய மௌனம் அதைப் பறித்துவிட்டது. தாண்டவராயனைப் பற்றிப் பேசவே வாய் கூசுகிறது. முத்துமாலை, துப்பியவனுடைய கூடையையும் சேர்த்து, அழுகிய மீனையெல்லாம் மணலில் குழிதோண்டிப் புதைத்தாள். எத்தனை முறை கழுவியும் கையில் நாற்றம் போகவில்லை. மறுநாள் காலை அந்தக் கையோடு மீண்டும் சபைக்குப் போனாள்.