சனிக்கிழமை திறக்கும் அணை

அந்தக் காலத்தில், மீன் கேட்டால் மனிதர் பதில் சொன்ன காலத்தில், ஸ்காட்லாந்தில் ஆற்றோரமாக ஒரு சின்ன ஊர் இருந்தது. அங்கே குடும்பத்துக்கு ஒரு தொழில். ஒரு வீடு தோல் பதனிடும், ஒரு வீடு மெழுகுவர்த்தி வார்க்கும். மோராக் என்ற பெண்ணின் வீட்டுக்குக் கம்பளி ஆலை. ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும்; சக்கரம் மரச்சம்மட்டிகளைத் தூக்கிப் போடும்; அடி வாங்க வாங்கப் போர்வை தடிக்கும்.

அப்பா இறந்தபின் ஆலையை மோராக் எடுத்தபோது, இது தேறாது என்று ஊரே உதட்டைப் பிதுக்கியது. "பனி விழுமுன் வீட்டுக்கு வீடு போர்வை தருவேன்" என்று அவள் வாக்குக் கொடுத்தாள். அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றியது. சக்கரம் அசையவில்லை. மோராக் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஆலையின் அணையில் இருந்த இடைவெளியைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தாள். நீர் தேங்கியது. சக்கரம் சுற்றியது.

அப்போதுதான் கடலிலிருந்து சால்மன் மீன் வந்தது. தான் பிறந்த மேல் ஓடையில்தான் அது முட்டையிடும்.

"வழி விடு, மோராக்."

"போர்வை முடியட்டும். அவசரமென்றால் வேறு ஆற்றுக்குப் போயேன்."

"உன் அப்பா ஆலையை விட்டு நீ வேறு தொழிலுக்குப் போவாயா?"

மோராக் உள்ளே போய்விட்டாள். மீன் துள்ளியது. அதுவரை எந்தச் சால்மனும் துள்ளியதில்லை, நீந்தத்தான் தெரியும். கல்லில் மோதி விழுந்தது. செதில் உதிர்ந்து ரத்தம் வந்தது. மறுபடி துள்ளியது. மோராக்குக்கு வேலை ஓடவில்லை. இந்தப் பிடிவாதம் அவளுக்குத் தெரிந்ததுதான். தினமும் தன்னிடமே பார்க்கிறாள். வெட்கமாக இருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, ஞாயிறு ஓய்வு நாளில் தேங்குகிற தண்ணீரை வைத்துத்தான் வாரம் முழுக்க ஓட்டுகிறோம். திறந்தால் ஆலை படுத்துவிடும்" என்றான் தம்பி ஃபெர்கஸ்.

"சக்கரம் நிற்கிற நாளில் போர்வையைக் காலால் மிதிப்போம். உனக்கும் இரண்டு கால் இருக்கிறதல்லவா?"

அது சனிக்கிழமை மாலை. அவளே கல்லைப் பிடுங்கினாள். "திங்கள் காலை அடைப்பேன். அதற்குள் உன் சனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு போ. இனி வாராவாரம் இப்படித்தான்" என்றாள் மீனிடம்.

மீன் ஏறிப் போனது. அக்காவும் தம்பியும் பாதம் வெடிக்க மிதித்தார்கள். முதல் பனி விழுந்த காலையில் கடைசிப் போர்வை கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்றிலிருந்துதான் அந்த ஆற்றில் எந்தக் குடும்பம் ஆலை வைத்தாலும் சனி மாலை அணையைத் திறந்துவிடுகிறது. சால்மன் மட்டும், வழி திறந்தே கிடந்தாலும் துள்ளித்தான் ஏறுகிறது. மோராக்கை நம்பலாம், அடுத்து வருகிறவர் எப்படியோ என்று அதற்குச் சந்தேகம்.