முன்வரிசையில் ஒருவன்

நாடகக் குழுவின் வாத்தியார் சிவகாமி. பெண்தான், ஆனாலும் எல்லோரும் அவளை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். மாசிலாமணி அவளிடம் நடிப்புப் படித்தவன். வயதில் அவளைவிட மூத்தவன். மேடையில் அவன் குடிகாரக் கணவன், அவள் அவனிடம் அறை வாங்கும் மனைவி.

அன்று மாலை திரையை விலக்கிப் பார்த்தவன் சட்டென்று அதை மூடினான்.

"வாத்தியாரே, அவன் வந்திருக்கான்."

"எவன்?"

"போன தடவை இதே ஊர்ல ஆடினோமே, மறுநாள் டீக்கடையில என் தோளைத் தட்டினான். 'அறைன்னா அதான் அறை! வீட்டுக்குப் போனதும் நானும் அதே மாதிரி ஒண்ணு விட்டேன்'னான். சிரிச்சுக்கிட்டே சொல்றான், பாவி. இன்னைக்குப் பொண்டாட்டியோட முன்வரிசையில உக்காந்திருக்கான். அந்தக் காட்சியை எடுத்துடுவோம். உங்க கால்ல வேணா விழறேன்."

"நாம எடுத்துடலாம். அவன் வீட்டுல யாரு எடுக்கிறது?"

அவன் மறுபடியும் திரையை விலக்கி முன்வரிசையைப் பார்த்தான்.

"அறை விழும்போது நான் எப்படி நிக்கிறேன்?" என்று கேட்டாள் சிவகாமி.

"சனத்துக்கு முதுகைக் காட்டி. அப்பத்தானே என் கை உங்க கன்னத்துல படலேங்கிறது தெரியாது? சத்தத்துக்கு நீங்க கை தட்டுறதும் தெரியாது. நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"இன்னைக்கு மாத்தி நிப்போம். நான் சனத்தைப் பார்க்கிறேன். நீங்க முதுகைக் காட்டுங்க."

"ஐயோ, பொய் அறைன்னு தெரிஞ்சிடுமே!"

"தெரியட்டும்."

அந்தக் காட்சி வந்தது. மாசிலாமணி ஓங்கி வீசினான். கை காற்றில்தான் போனது. எல்லோரும் பார்க்கவே சிவகாமி கை தட்டினாள். பிறகு அப்படியே நின்றாள், அறை வாங்கியவளின் முகத்தோடு. வழக்கமாக அந்த இடத்தில் விசில் பறக்கும். இன்று ஓர் இருமல்கூட இல்லை. முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை.

திரை விழுந்ததும் அவளிடம் ஓடினான்.

"மானம் போச்சு வாத்தியாரே. பொய்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"ஒருத்திக்குத் தெரியல. நீங்க கையை ஓங்கினதுமே அவன் பொண்டாட்டி தன் கன்னத்தைப் பொத்திக்கிட்டா."

மாசிலாமணி அவள் பக்கம் நெருங்கி வந்து கேட்டான்.

"அப்ப அவன் இனிமே அடிக்க மாட்டானா?"

"அது எனக்குத் தெரியாது அண்ணே. போன தடவை நாம அவனுக்கு உங்க மூஞ்சியைத்தான் காட்டினோம். இன்னைக்கு அடி வாங்கினவ மூஞ்சியைக் காட்டினோம், அவன் திரும்பித் தன் பொண்டாட்டியைப் பார்த்தான்."