அட்டை ஏன் பாதியிலேயே விழுகிறது

வரையாட்டின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு மலையேறிய அட்டைக்குப் பாதி வழியிலேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பசியில் இல்லை. பொறாமையில்.

மிருகங்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அட்டைக்கு ரத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. ஈர இலையை நக்கிக்கொண்டு கிடந்தது. மலை உச்சியில் ஒரு பாறைமுனை. அங்கே நின்றால் மேகத்தின் முதுகைப் பார்க்கலாமாம். கருமந்தி போய்வந்து ஒரு மழைக்காலம் முழுக்க அதையே பேசியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நத்தையும் போய்வந்துவிட்டது. நத்தை, வீட்டையும் தூக்கிக்கொண்டு.

வரையாடு தினமும் முனைக்குப் போகிற ஆள். அட்டை கெஞ்சிக் கேட்டதும், சரி, காலைப் பிடித்துக்கொள் என்றது. நல்ல ஆடுதான். வாய்தான் சும்மா இருக்காது. அங்கே காற்று எப்படி அடிக்கும், கீழே ஊர்கள் எப்படிச் சிதறிக் கிடக்கும் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தது.

"இன்னும் ஒரு திருப்பந்தான் தம்பி. எனக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு."

சலித்துப்போச்சாம். இங்கே ஒருத்தன் ஒரே ஒரு தடவை பார்க்க ஏங்கிச் சாகிறான், அவருக்குச் சலித்துப்போச்சாம். அட்டை நறுக்கென்று கடித்துவிட்டது.

கடித்தது ஆத்திரத்தில்தான். ஆனால் வாயில் ஏதோ சூடாக வந்தது, உப்புக் கரித்தது, நன்றாக இருந்தது. விட மனசு வரவில்லை. குடித்துக் குடித்து நாவற்பழம் மாதிரி உப்பி, பிடி நழுவி, பொத்தென்று கீழே விழுந்தது.

அன்று பிடித்த ருசிதான். மலையேறுகிற யார் காலையும் அட்டை இப்போது விடுவதில்லை. தொற்றும், குடிக்கும், முனை வருவதற்குள் உப்பி விழுந்துவிடும். இதுவரை ஓர் அட்டைகூட மேகத்தின் முதுகைப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் அன்று வரையாடு திட்டவே இல்லை. ரத்தம் வழிகிற காலோடு நின்று, குனிந்து சொல்லிவிட்டுத்தான் போனது.

"இந்த வயித்தை வச்சுக்கிட்டு உன்னால தொங்க முடியாது. செரிக்கட்டும். நாளைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் யார் காலையும் தொடாம இங்கேயே கிட."

கிடந்திருக்கலாம். அதற்குள் ஒரு மான் அந்த வழியாக மேலே போனது.