மூன்று வாய்ப்பூட்டுச் சட்டங்கள்

ஒச்சப்பன்மேல் முதலில் சேற்றை வாரி இறைத்தவர் தாண்டவராயர். அதைச் சொல்லிவிட்டுத்தான் ராஜாவிடமே வர வேண்டும்.

முன்னொரு காலத்தில் மேலைச்சிலம்பூரை வீரபூபதி என்ற ராஜா ஆண்டார். பெயரில் வீரம் இருந்தது, முகத்தில் மீசைதான் முளைக்கவில்லை. வைத்திருந்தது வேப்பம் பிசின் தடவிய ஒட்டு மீசை. அந்தப்புரத் தாதியர், அரண்மனை வைத்தியர்கள், வாசல் காவலர், சட்டம் எழுதும் தாண்டவராயர் ஆகியோருக்கு மட்டும் அது தெரியும். மந்திரி ஒச்சப்பனிடம் ராஜாவே சொல்லியிருந்தார்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் பட்டுத்துணி போர்த்திய வெள்ளிச் செப்பு ஒன்றைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனான். ராஜா ஆசையாகத் திறந்தார். உள்ளே வேப்பம் பிசின்! படக்கென்று மூடினார்.

"என் வீட்டு விஷயத்தை வெளியே விற்றவன் எவன்?" என்று கத்தினார்.

ராயர் எழுந்தார். "மகாராஜா, அந்தப்புரத்துக்கு ஒன்று, வைத்தியத்துக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என மூன்று இரகசியக் காப்புச் சட்டம் எழுதியிருக்கிறேன். எறும்பு நுழைய இடமில்லை. அந்த மூன்றுக்கும் கட்டுப்படாதவன் இதோ, இந்த ஒச்சப்பன் ஒருவன்தான்."

"திருடன்!" என்றார் ராஜா, முழுச் சபையும் கேட்க. "வெள்ளிக்கிழமைக்குள் நிரபராதி என்று காட்டு. இல்லாவிட்டால் உனக்கு நாக்கு இருக்காது."

நாக்கு போவதைவிட அந்தச் சொல்தான் ஒச்சப்பனைச் சுட்டது. மூன்று சட்டங்களையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொன்னான். ராயர் ராகம் போட்டுப் படித்தார்.

"நிறுத்தும் ராயரே. வைத்தியருக்கு மருந்து அரைக்கும் தாதி ஒருத்தி, வாசலில் நின்று வாயைத் திறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளும். அந்தப்புரச் சட்டம் என்ன சொல்கிறது?"

"நாக்கை அறு என்கிறது."

"வைத்தியச் சட்டம்?"

"நாக்கை அறு."

"காவல் சட்டம்?"

"அதுவும் நாக்குதான்."

"மூன்று நாக்குக்கு அவள் எங்கே போவாள்? அக்கம்பக்கத்தில் இரவல் கேட்பாளா?"

சபை கொல்லென்று சிரித்தது.

"மூன்று சட்டமும் ஒரே இடத்தையே மூடுகின்றன. சரி, வாரம்தோறும் உறுதிமொழி எடு என்றும் மூன்றிலும் இருக்கிறதே, அதை எங்கே நின்று சொல்ல வேண்டும்?"

"அது... மற்றதில் இருக்கும்."

"எந்த மற்றதில், ஓய்?"

ராயர் ஓலைகளைப் புரட்டு புரட்டென்று புரட்டினார். எதிலும் இல்லை. "வெள்ளிதோறும் காலையில் என் வீட்டு முற்றத்தில் உரக்கச் சொல்கிறார்கள். முணுமுணுத்தால் பிரம்படி. போதுமா?"

"தாராளமாகப் போதும்" என்றான் ஒச்சப்பன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் ராஜாவை மாறுவேடத்தில் அழைத்துப் போனான். வேஷம் ஒன்றும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. மீசையைக் கழற்றினார், ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ராயர் வீட்டு மதிலை ஒட்டினாற்போல் காய்கறிச் சந்தை. இருவரும் அங்கே போய் நின்றார்கள்.

மதிலுக்கு உள்ளேயிருந்து பெண் குரல்கள் கூட்டமாக எழும்பின:

"மகாராஜா மீசை ஒட்டு மீசை! வேப்பம் பிசினால் ஒட்டிய மீசை! இதை ஒருவரிடமும் சொல்ல மாட்டோம்!"

கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவளும் கூடவே பாடினாள். ராஜா அவள் பக்கம் திரும்பினார்.

"இது என்னம்மா?"

"ஊருக்குப் புதுசா சாமி? இப்ப தாதிங்க. அடுத்தது வைத்தியருங்க, கடைசியில காவக்காரங்க. நின்னு கேட்டுட்டுப் போங்க. எங்க பிள்ளைங்க இதைப் பாடித்தான் பாண்டி ஆடுதுங்க. பக்கத்து நாட்டுத் தூதருகூட கால் கடுக்க நின்னு கேட்டாரே!"

ராயரின் பதவி அன்றே பறந்தது. அவருடைய மூன்று சட்டங்களையும் சந்தை வாசலில் கழுதைகளுக்குப் படித்துக் காட்டும்படி உத்தரவு. ஒரு கழுதை ஓலையை இழுத்துத் தின்றுவிட்டது. அந்தச் சட்டத்தால் பலன் கண்ட ஜீவன் அது ஒன்றுதான்.

ராஜா ஒச்சப்பனைத் தனியறைக்கு அழைத்து முத்துமாலை போட்டார்.

"மாலை இருக்கட்டும், மகாராஜா. சபையில் திருடன் என்றீர்கள். அதைச் சபையிலேயே திரும்பப் பெறுங்கள்."

"எப்படி ஒச்சப்பா? எதைத் திருடியதாகச் சொன்னீர்கள் என்று சபை கேட்குமே!"

"கழுதைக்குக்கூடத் தெரியுமே!"

"தெரியட்டும். தெரியும் என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லையே, அது போதும்."

ஒச்சப்பன் மாலையோடு வீடு திரும்பினான். வீரபூபதி மாண்டபின் அவர் மகனும் ஒரு மீசையை ஒட்டிக்கொண்டு அரியணை ஏறினான். திருடன் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எவரும் சபையில் திரும்பப் பெறவில்லை. ஒச்சப்பன் கேட்பதையும் நிறுத்தவில்லை.